பெல்ஸ் இடுக்கும் ப்ளூ ஹோல் ஆர்ச்சும்: அகலம் இருந்தால் பயமில்லையா?

கேள்வி: 2023 அக்டோபர் 14

டிசம்பரில் எகிப்தின் தஹாப்புக்கு ஸ்கூபா டைவிங் செய்யச் செல்கிறேன். அட்வான்ஸ்ட் சான்றிதழ் இருக்கிறது, இதுவரை 23 டைவ் முடித்திருக்கிறேன். பெல்ஸ் என்ற பாறை இடுக்கில் இறங்கி, பவளச் சுவரோரமாக நீந்தி, ப்ளூ ஹோல் என்ற நீர்க்குழியில் கரையேறுவது திட்டம். உடன் வரும் நண்பர், மறுநாள் ப்ளூ ஹோலின் ஆழத்திலுள்ள ஆர்ச் என்ற குகைவழியையும் பார்த்துவிடலாம் என்கிறார். இரண்டிலும் ஓர் ஆள் தாராளமாக நுழையலாம் என்று படித்தேன். அகலம் இருக்கும்போது பயப்பட என்ன இருக்கிறது? இறங்கிய அனுபவம் உள்ள அண்ணன்மார் சொல்லுங்கள்.

2023 அக்டோபர் 14, இரவு

தம்பி, நான் ஜித்தாவில் வேலை பார்த்த காலத்தில் மூன்று முறை தஹாப்புக்குச் சென்றிருக்கிறேன். பெல்ஸில் இரண்டு முறை இறங்கினேன். ஆர்ச்சுக்குள் ஒருமுறையும் போனதில்லை, போகப்போவதுமில்லை. இவ்விரண்டையும் நீங்கள் ஒரே வாக்கியத்தில் வைத்ததைப் பார்த்ததும் தூக்கம் போய்விட்டது. அதனால் இப்போதே எழுதுகிறேன்.

முதலில் பெல்ஸ். ப்ளூ ஹோலுக்குச் சில நூறு மீட்டர் வடக்கே, கரையை ஒட்டிய பவளத் திட்டின் மேற்பரப்பில், நான்கைந்து பேர் நின்றால் நிறைந்துவிடும் அளவுக்கு ஒரு சிறு குட்டை இருக்கிறது. அதன் அடியில் தொடங்கும் பிளவு புகைபோக்கியைப் போல நேர்கீழாக இறங்கி, சுமார் 27 மீட்டரில் திறந்த கடலின் சுவரில் உங்களை விட்டுவிடும். வெளியே வந்ததும் காலுக்குக் கீழே தரை கிடையாது, கருநீலம் மட்டுமே இருக்கும். அங்கிருந்து திட்டு வலது தோள் பக்கம் இருக்கும்படி தெற்கே நீந்தியபடி மெல்ல மெல்ல மேலேறினால், சேடில் என்று அழைக்கப்படும் ஆறேழு மீட்டர் ஆழ மேட்டைக் கடந்து ப்ளூ ஹோலுக்குள் வந்துவிடலாம். சுவரோர நீச்சல் எளிது, அழகானது. சிக்கல் முழுவதும் முதல் நான்கைந்து நிமிடத்தில்தான் இருக்கிறது.

உங்கள் கேள்வி அகலத்தைப் பற்றியது. அகலம் போதுமானதுதான். ஆனால் அங்கு இருவர் அருகருகே போக முடியாது, ஒருவர் பின் ஒருவராகத்தான் இறங்க வேண்டும். திறந்த நீரில் எந்தத் தொல்லை வந்தாலும் இணையாளின் பக்கம் திரும்புவது, அவருடைய மாற்று ரெகுலேட்டரை (மூச்சுவிடும் கூடுதல் வாய்க்கருவியை) வாங்கிக்கொள்வது, இருவரும் சேர்ந்து மேலேறுவது என்றுதான் நமக்குக் கற்றுத் தந்திருக்கிறார்கள். அந்த இடுக்கில் இந்த மூன்றுமே கடினம். முன்னால் போகிறவர் உங்களைப் பார்க்க மாட்டார், பின்னால் வருகிறவருக்கு உங்கள் காலிலுள்ள ஃபின் (நீச்சல் துடுப்பு) மட்டும்தான் தெரியும், மேலே ஏறுவதென்றால் உங்களுக்கு மேலே இருப்பவர் முதலில் ஏறியாக வேண்டும். ஆகவே உடம்பு நுழையுமா என்பதைக் கேட்பதற்கு முன், உள்ளே ஒன்று கெட்டுப்போனால் அதைத் தனியாக, நின்ற இடத்திலேயே சரிசெய்யத் தெரியுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

காற்றுக் கணக்கையும் போட்டுவிடுகிறேன். 12 லிட்டர் சிலிண்டரில் 200 பார் அழுத்தம் என்றால் 2400 லிட்டர் காற்று. 50 பாரைக் கையிருப்பாக ஒதுக்கினால் 1800 லிட்டர். மேற்பரப்பில் நிமிடத்துக்கு 20 லிட்டர் சுவாசிக்கிறவர் 28 மீட்டரில், 3.8 பார் அழுத்தத்தில், அதன் 3.8 மடங்காக 76 லிட்டர் இழுப்பார். அதாவது அந்த ஆழத்திலேயே இருந்தாலும் ஏறக்குறைய 24 நிமிடம் வரும். நாம் அங்கே இரண்டு நிமிடத்துக்கு மேல் இருக்கப்போவதில்லை என்பதால் காற்று தாராளமாகப் போதும்.

2023 அக்டோபர் 15

நேற்று விட்டுப்போன ஒன்று. குட்டையில் இறங்குவதே ஒரு வேலை. அலை திட்டின் மேல் ஏறி வரும்போது குட்டைநீர் முழங்காலிலிருந்து இடுப்புக்கு உயர்ந்து மறுபடி வடிகிறது. பாறை வழுக்கும். இரண்டு அலைகளுக்கு நடுவில் ஃபின்னை மாட்டி முடிக்க வேண்டும். காற்றடிக்கும் நாளில் கைடு "இன்று வேண்டாம்" என்று சொன்னால் பேரம் பேசாதீர்கள்.

2023 அக்டோபர் 17

என் முதல் பெல்ஸ் டைவைப் பற்றி எழுதுவதா வேண்டாமா என்று இரண்டு நாளாக யோசித்தேன். நீங்கள் 23 டைவ் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அன்று அது 31-ஆவது டைவ். ஆகவே எழுதுகிறேன்.

நாங்கள் நால்வர். முன்னால் கைடு, அடுத்து நான், எனக்குப் பின்னால் என் அலுவலக நண்பர், கடைசியில் ஒரு ஜெர்மானியப் பெண். தலைகீழாகத்தான் இறங்கினோம். ஐந்து மீட்டர் தாண்டியதும் பிடரியில் ஏதோ இடித்தது. பாறை என்று நினைத்துச் சற்று முன்னால் நகர்ந்தேன். மறுபடி இடித்தது. என் சிலிண்டர்தான் பட்டையிலிருந்து நழுவி, தலைப்பக்கம் சரிந்து, அதன் வால்வு பிடரியில் உட்கார்ந்திருந்தது. தலையை உயர்த்த முடியவில்லை. தலையை உயர்த்தாமல் முன்னால் போகிறவரைப் பார்க்கவும் முடியவில்லை. என் கண்ணுக்கு நேரே ஒரு சாண் தூரத்தில் பாறைச் சுவர், அதில் மஞ்சள் கலந்த பழுப்பில் நுனி மட்டும் வெளுத்த நெருப்புப் பவளம். அதைத் தொட்டால் தோல் தீப்பட்டதுபோல் எரியும் என்பது தெரிந்திருந்ததால் கையை ஊன்றவும் இடமில்லை.

சிலிண்டரின் அடிப்பகுதி ஒவ்வொரு அசைவுக்கும் பாறையில் மோதி "டங்… டங்…" என்று ஒலித்தது. இப்படிச் சிலிண்டர்கள் பாறையில் மோதி மணிபோல் ஒலிப்பதால்தான் அந்த இடத்துக்கு பெல்ஸ் என்ற பெயர் வந்தது என்று காலையில்தான் கைடு சொல்லியிருந்தார். இடுக்குக்குள் கேட்கும்போது அந்த ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறதென்றே தெரியாது. நான்கு சுவரும் சேர்ந்து ஒலிப்பதுபோல் இருக்கும்.

நான் செய்தது இவ்வளவுதான். நீந்துவதை நிறுத்தினேன். இரண்டு விரலால் உயிரில்லாத வெறும் பாறை முனை ஒன்றைப் பிடித்துக்கொண்டு, வெளிமூச்சை நீளமாக விட்டு, பத்து வரை எண்ணினேன். பிறகு வலக்கையைப் பின்னால் கொண்டுபோய் வால்வைப் பிடித்துக்கொண்டு, இடக்கையால் மூக்கைப் பிடித்துக் காதைச் சமன்செய்தபடி, மிக மெதுவாக இறங்கினேன். 27 மீட்டரில் வெளியே வந்ததும் என் நண்பர் சைகையைப் புரிந்துகொண்டார். அந்த நீல வெளியின் மேல் நான் அசையாமல் கிடக்க, அவர் கொக்கியைத் திறந்து, சிலிண்டரைக் கீழே இறக்கி, மறுபடி இறுக்கினார். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. அந்த ஒரு நிமிடம் இடுக்குக்குள் கிடைக்கவில்லை என்பதுதான் நான் சொல்ல வந்தது.

காரணம் மிகச் சாதாரணமானது. பிசிடி என்னும் காற்றடைக்கும் மிதப்புச் சட்டையில் சிலிண்டரைக் கட்டும் நைலான் பட்டை நனைந்தால் தளரும். உலர்ந்த பட்டையை எவ்வளவு இறுக்கினாலும் தண்ணீருக்குள் போன சில நிமிடத்தில் நெகிழ்ந்துவிடும். ஆகவே முதலில் பட்டையை நன்றாக நனைத்துவிட்டு இறுக்க வேண்டும், பிறகு சிலிண்டரை வால்வில் பிடித்துத் தூக்கி உலுக்கிப் பார்க்க வேண்டும். அன்று எங்கள் சிலிண்டர்களை டைவ் சென்டர்க்காரர்கள் ஜீப்பிலேயே உலர்ந்த பட்டையில் கட்டி வைத்திருந்தார்கள்.

2023 அக்டோபர் 18

நேற்று எழுதியதைச் சரிபார்ப்பதற்காக அந்த நாளின் டைவ் குறிப்பேட்டை எடுத்தேன். முதல் பதிவில் நான் போட்ட காற்றுக் கணக்கு உங்களைத் தவறாக வழிநடத்தும், திருத்திக்கொள்ளுங்கள்.

இடுக்குக்குள் நான்கு நிமிடத்தில் 30 பார் போயிருக்கிறது. 12 லிட்டர் சிலிண்டரில் அது 360 லிட்டர், நிமிடத்துக்கு 90. சராசரி ஆழம் 15 மீட்டர், அழுத்தம் 2.5 பார். அப்படியானால் மேற்பரப்புக் கணக்கில் நிமிடத்துக்கு 36 லிட்டர் சுவாசித்திருக்கிறேன். அமைதியாக இருந்ததாக நானே நம்பிக்கொண்டிருந்தபோது இந்த அளவு! இதே வேகத்தில் 28 மீட்டரில் மாட்டிக்கொண்டிருந்தால் 24 நிமிடம் அல்ல, 13 நிமிடம்தான். கணக்குப் போடும்போது மேசைமுன் உட்கார்ந்திருக்கிறவரின் சுவாசத்தை வைத்துப் போடக்கூடாது. உங்கள் குறிப்பேட்டிலும் மிக மோசமாகப் போன ஒரு டைவைத் தேடி எடுத்து, அந்த எண்ணை வைத்துத் திட்டமிடுங்கள்.

2023 அக்டோபர் 22

இப்போது உங்கள் நண்பரின் ஆர்ச். அவரையும் இதைப் படிக்கச் சொல்லுங்கள்.

ப்ளூ ஹோல் கரையோடு ஒட்டிய, ஏறத்தாழ 100 மீட்டர் ஆழமுள்ள நீர்க்குழி. மேலே சேடில் வழியாகக் கடலோடு சேர்கிறது. கீழே, சுமார் 55 மீட்டரில் மேற்கூரை தொடங்கும் ஒரு பெரிய குகைவழி வெளிக்கடலுக்குத் திறக்கிறது. அதுதான் ஆர்ச். நீளம் சுமார் 26 மீட்டர். அகலத்தில் பெல்ஸைவிடப் பல மடங்கு பெரியது, லாரியே போகும். நீங்கள் கேட்ட "அகலம் இருந்தால் பயமில்லையா" என்பதற்கு அதுவே பதில்: அங்கு உயிரிழந்தவர்கள் யாரும் இடம் போதாமல் இறக்கவில்லை. கரையில் குன்றின் முகத்தில் அவர்களுடைய பெயர் பொறித்த பலகைகள் வரிசையாக இருக்கின்றன. டைவுக்கு முன் ஒவ்வொன்றாக நின்று படித்தேன். பிறந்த ஆண்டையும் இறந்த ஆண்டையும் கழித்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை, பெரும்பாலும் இளைஞர்கள்.

அந்த இடம் எப்படி ஏமாற்றுகிறது என்பதைச் சொல்கிறேன். சுமார் 30 மீட்டருக்குக் கீழே காற்றிலுள்ள நைட்ரஜன் மதுவைப்போல் வேலை செய்யத் தொடங்கிவிடும். அந்த மயக்கம் பயத்தைத்தான் முதலில் கரைக்கும். அந்த நிலையில் ஆர்ச்சைத் தேடுகிறவர் 55 மீட்டரில் அதைக் கவனிக்கத் தவறினால், இன்னும் கீழேதான் இருக்கும் என்று மேலும் இறங்குவார். அடிப்பகுதியில் தரையென்று நிறுத்துவதற்கு எதுவும் இல்லை, வெளிப்பக்கம் சரிந்து ஆழத்துக்குப் போய்விடுகிறது. கண்டுபிடித்தாலும் சிக்கல் தீராது. மறுபக்கத்திலிருந்து வரும் நீல வெளிச்சத்தாலும் தெளிந்த நீராலும் 26 மீட்டர் வழி பத்து மீட்டர்போல் தோன்றும். பல சமயம் நீரோட்டம் வெளியிலிருந்து உள்நோக்கி வரும், அதாவது எதிர்நீச்சல். இடையில் மனம் மாறினால் நேர்மேலே ஏற முடியாது, கூரை இருக்கிறது.

என் 36 லிட்டர் எண்ணை அங்கே வைத்துப் பார்த்தேன். 55 மீட்டரில் 6.5 பார், நிமிடத்துக்கு 234 லிட்டர். நிரம்பிய 12 லிட்டர் சிலிண்டரே பத்து நிமிடத்தில் காலி. அதிலிருந்து இறங்கும்போது செலவானதையும், மேலேறும்போது உடம்பில் சேர்ந்த நைட்ரஜன் வெளியேற இடையிடையே நிற்கும் நிறுத்தங்களுக்குத் தேவையானதையும் கழித்துக்கொள்ளுங்கள். ஆர்ச்சை முறையாகக் கடக்கிறவர்கள் இரட்டைச் சிலிண்டர், ஹீலியம் கலந்த வாயு, தனித்தனி நிறுத்தச் சிலிண்டர்கள், பல ஆண்டு டெக்னிக்கல் பயிற்சி ஆகியவற்றோடு வருகிறார்கள். உங்கள் சான்றிதழின் எல்லை 30 மீட்டர்.

2017 ஜூலையில் ஸ்டீபன் கீனன் என்ற புகழ்பெற்ற அயர்லாந்து மீட்புச் சுழியோடி அங்கேயே, மூச்சடக்கி ஆர்ச்சைக் கடந்துவந்த ஒரு பெண்ணைக் காப்பாற்றும் முயற்சியில் உயிரிழந்தார். அந்தப் பெண் பிழைத்தார். அந்தக் குழியை உள்ளங்கைபோல் அறிந்தவர் கீனன்.

2023 அக்டோபர் 23

நண்பர் "நைட்ராக்ஸ் சான்றிதழ் இருக்கிறது, அதனால் மயக்கம் குறையும்" என்று பதில் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து அவரைத் தடுத்து நிறுத்துங்கள். நைட்ராக்ஸ் என்பது ஆக்சிஜன் கூட்டிய காற்று. தஹாப்பில் வழக்கமாகக் கிடைப்பதில் ஆக்சிஜன் 32 சதவீதம். அதன் எல்லை ஏறத்தாழ 33 மீட்டர். 55 மீட்டரில் ஆக்சிஜனின் பகுதி அழுத்தம் 2 பாரைத் தாண்டிவிடும். எந்த முன்னறிகுறியும் இல்லாமல் வலிப்பு வரலாம், வந்தால் ரெகுலேட்டர் வாயிலிருந்து நழுவும், அதன்பின் எதுவும் செய்ய முடியாது. ஆழமற்ற டைவுக்கு நல்ல நண்பனாக இருக்கும் அதே வாயு அங்கே நஞ்சு. கலவையைச் சோதித்து சிலிண்டரில் எழுதி ஒட்டுவது இதற்காகத்தான்.

2023 நவம்பர் 5

நண்பர் ஆர்ச்சைக் கைவிட்டார் என்ற செய்தி படித்து நிம்மதியாக இருக்கிறது. அப்படியானால் பெல்ஸுக்கு முன் எங்கே பழகுவது என்று கேட்டிருக்கிறீர்கள். கேன்யனில் பழகுங்கள்.

தஹாப்பிலிருந்து ப்ளூ ஹோலுக்குப் போகும் வழியிலேயே இருக்கிறது. கரையிலிருந்து ஆழமில்லாத காயல்போன்ற நீர்ப்பரப்பின் வழியே வெளியே சென்றால், மணல்தரையில் நீளமாக ஒரு வெடிப்பு தெரியும். சுமார் 20 மீட்டரில் அதன் வாய், 30 மீட்டரில் அதன் தரை. பெல்ஸுக்கும் இதற்கும் ஒரு பெரிய வேறுபாடு: கேன்யனில் நடமாட்டம் பெரும்பாலும் கிடைமட்டமானது. தலைக்கு மேலே பல இடங்களில் வெளிச்சக் கீற்று தெரியும். நின்று, சுற்றிப் பார்த்து, திரும்பி வரலாம்.

அதன் ஒரு முனையில் ஃபிஷ்போல் என்று ஓர் அறை இருக்கிறது. கண்ணாடி மீன்கள் ஆயிரக்கணக்கில் ஒரே உடம்புபோல் திரும்பும். அவற்றின் நடுவே சிங்கமீன் ஒன்று விசிறியை விரித்துக்கொண்டு அசையாமல் நிற்கும். அதைவிட நான் மறக்காதது வெளியிலிருந்து பார்த்த காட்சி. உள்ளே இருப்பவர்கள் விடும் காற்று கூரைப் பாறையின் நூறு நுண்துளைகள் வழியே கசிந்து, உலைநீர் கொதிக்கத் தொடங்கும்போது பானையின் அடியிலிருந்து கிளம்பும் சிறு குமிழிகள்போல் வந்துகொண்டே இருந்தது. கீழே மனிதர்கள் இருக்கிறார்கள் என்பதற்கு வேறு அடையாளமே இல்லை.

அங்கே இரண்டு விஷயங்களைப் பழகுங்கள். ஒன்று, கையையும் ஃபின்னையும் அசைக்காமல் மூச்சால் மட்டுமே அரை மீட்டர் ஏறி இறங்குவது. மற்றொன்று, தலைகீழாக இருக்கும்போது பிசிடியிலிருந்து காற்றை வெளியேற்றுவது. தலைகீழ் நிலையில் காற்று இடுப்புப் பக்கம் போய்விடும், தோளருகே இருக்கும் குழாயை உயர்த்தி அழுத்தினால் ஒன்றும் வராது. இடுப்பருகே தொங்கும் சிறு கயிற்றை இழுக்க வேண்டும். அந்தக் கயிற்றைக் கண்ணை மூடிக்கொண்டு கை தேடி எடுக்கும்வரை பெல்ஸுக்குப் போகாதீர்கள்.

2023 நவம்பர் 6

அக்டோபர் 17 பதிவை மீண்டும் படித்தேன். டைவ் சென்டர்க்காரர்கள் மீது பழியைப் போட்டுவிட்டு முடித்திருக்கிறேன். முழு உண்மை அதுவல்ல. ஜீப்பிலிருந்து சிலிண்டரைத் தூக்கியபோது அது பட்டைக்குள் ஒரு விரற்கடை அசைந்ததை நான் உணர்ந்தேன். எல்லோரும் தயாராகிவிட்டார்கள், என்னால் தாமதமாகக் கூடாது என்று வாயைத் திறக்கவில்லை. அவர்கள் தவறு செய்தார்கள் என்பது மாறவில்லை. ஆனால் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கரையிலேயே தீர்ந்திருக்கும். இணையாளைச் சரிபார்க்கும் சடங்கை நாங்கள் அன்று சிரித்துப் பேசியபடி முடித்தோம். என் நண்பர் என் பட்டையைத் தொடவில்லை, நானும் அவருடையதைத் தொடவில்லை.

2023 நவம்பர் 19

தலைகீழாக இறங்குவதா, கால்முதலாக இறங்குவதா என்று கேட்டிருந்தீர்கள். முன்பு நான் தலைகீழ்தான் சரி என்று சொல்லிக்கொண்டிருந்தேன். போகும் வழி தெரிகிறது, ஃபின் பவளத்தில் படுவதில்லை. இரண்டாவது முறை போனபோது கால்முதலாக இறங்கினேன். காது எளிதாகச் சமனானது, பிசிடியின் காற்றும் கைக்கு அருகிலேயே இருந்தது. ஆனால் கீழே என்ன இருக்கிறதென்று தெரியாமல், ஃபின்னால் ஒரு கிளைப்பவளத்தின் நுனியை உடைத்துவிட்டேன். விரல் நீளம்தான். வேகமாக வளரும் கிளைப்பவளமே நல்ல சூழலில் ஆண்டுக்குப் பத்து சென்டிமீட்டர் அளவுக்குத்தான் வளரும், திரண்ட பாறைப்பவளம் அதைவிட மிக மெதுவாக வளரும். அந்தத் துண்டு சுழன்றுகொண்டே கீழே போனதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அக்காபா வளைகுடாவின் பவளங்கள் வெப்பத்தைத் தாங்குவதில் உலகின் பல கடல்களைவிட உறுதியானவை என்று ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். கடல் சூடாகிப் பிற இடங்களில் பவளங்கள் வெளுத்துச் சாகும் காலத்தில், இங்கே எஞ்சியிருப்பது மிக அரிய செல்வம். அதை நம் ஃபின் உடைக்கக்கூடாது. ஆகவே என் இப்போதைய எண்ணம்: மிதப்புக் கட்டுப்பாடு உறுதியானவர் தலைகீழாக இறங்கலாம். உறுதியில்லாதவர் எப்படியும் இறங்க வேண்டாம், வெளிச்சுவர் வழியாக நீந்தி வந்து பிளவின் வாயைப் பார்த்தால் போதும். காட்சியில் பெரிய குறையில்லை.

2023 டிசம்பர் 2

மூழ்குவதற்காக உடம்பில் கட்டிக்கொள்ளும் ஈயம் எவ்வளவு என்ற கேள்விக்கு. அந்த வளைகுடாவின் நீர் உப்பு மிகுந்தது, கிலோவுக்கு சுமார் 40 கிராம். பொதுவாகப் பெருங்கடலில் 35. அதனால் கிலோக் கணக்கில் ஈயம் கூட்டச் சொல்வார்கள். ஆனால் கணக்குப்படி உப்பு வேறுபாட்டுக்கு அரைக் கிலோ போதும். உண்மையான வேறுபாடு, டிசம்பர் குளிருக்கு நீங்கள் அணியும் தடித்த வெட்சூட்டிலும், டைவின் முடிவில் சிலிண்டர் இழக்கும் எடையிலும் இருக்கிறது. 150 பார் செலவானால் இரண்டு கிலோவுக்கு மேல் இலகுவாகிவிடும். சேடிலின் மேல் ஆறு மீட்டரில் அசையாமல் நிற்க வேண்டிய நேரமும் அதுதான். ஆகவே முதல் நாள் கரையோரத்தில், 50 பார் மட்டுமே உள்ள சிலிண்டருடன் ஈயத்தைச் சோதித்து முடிவுசெய்யுங்கள்.

2024 ஜனவரி 7

உங்கள் செய்தியைப் படித்தேன். கேன்யனில் இரண்டு டைவ், பெல்ஸுக்கு ஒரு முயற்சி. குட்டையில் இறங்கி, அலை இருமுறை தள்ளியதும், கைடு போகலாம் என்று சொன்ன பிறகும் நீங்கள் கையைக் காட்டித் திரும்பிவிட்டீர்கள். ப்ளூ ஹோலிலிருந்தே சேடில் வழியாக வெளியே போய், 18 மீட்டரில் சுவரைப் பார்த்துவிட்டு வந்தீர்கள். கட்டிய பணம் வீணானதா, அது கோழைத்தனமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இல்லை தம்பி. நான் மூன்றாவது முறை போனபோது செய்ததும் அதேதான். இறங்கியது இரண்டு முறை என்று முதல் பதிவில் எழுதியதைப் பாருங்கள். அந்த மூன்றாம் நாளில் குட்டையின் விளிம்பில் ஃபின்னைக் கையில் வைத்துக்கொண்டு, எதிர்க்கரையில் சவுதியின் மலைகளுக்குப் பின்னாலிருந்து காலை வெயில் ஏறுவதைப் பார்த்தபடி அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு எழுந்து, சிலிண்டரைச் சுமந்துகொண்டு, வந்த பாதையிலேயே ப்ளூ ஹோலுக்கு நடந்தேன். பட்டையை அன்று நனைத்துத்தான் இறுக்கியிருந்தேன். அது அசையவில்லை.